மாக்னுஸ் என்றால் பெரிய

சிரிப்பு உண்டு. அதில் சந்தேகமே வேண்டாம். தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரிக்கிற சிரிப்பு, சாப்பாட்டறையில் ரசம் மூக்கில் ஏறுகிற சிரிப்பு. ஆனால் இப்போது இல்லை, இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும், இப்போது லத்தீன் வகுப்பு. மெல்கியோர் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைகளுக்கு நடுவே கொடுத்து நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இல்லாவிட்டால் கை தானாக எழுந்து வாயைப் பொத்தும், வாயைப் பொத்தினால் பங்கிராஸ் சாமி பார்ப்பார், பார்த்தால், மெல்கி, அந்த வேடிக்கையில் எங்களுக்கும் ஒரு பங்கு வையேன் என்பார். அதை அவர் எப்படிச் சொல்வார் என்பதுகூட மெல்கிக்குத் தெரியும். ‘பங்கு’ வரைக்கும் ஒரே மூச்சு, அங்கே நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி கீச்சென்று கத்தும், அதற்குப் பிறகு மிச்சம். ஆஸ்துமாக்காரர். அவர் குரலைச் செய்வது சுலபம், பூனைக்குட்டி எங்கே என்று தெரிந்தால் போதும், பேச்சு தன்னால் வந்துவிடும். குருமடத்தில் மெல்கி செய்யாத குரல் கிடையாது. சமையல்கார சந்தியாகு அரிசியைத் திட்டுகிற குரல், படுக்கையறைப் பொறுப்பாளர் சகோதரர் கொட்டாவியோடு செபமாலை சொல்லுகிற குரல், வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஆயர் தொண்டையைக் கனைத்து ‘அன்பு மிக்க பிள்ளைகளே’ என்று தொடங்கி எச்சில் விழுங்குகிற குரல். சாமியாருக்குப் படிக்க வந்த அத்தனை பையன்களும் கிணற்றடியில் சோப்பு நுரையோடு நின்று கேட்டுவிட்டு வாளியைக் கீழே போட்டிருக்கிறார்கள். அதிபர் சாமியின் குரல்தான் பிடிபடாமல் இருந்தது. குடத்துக்குள் இருந்து வருகிற குரல் அது, கடைசிச் சொல்லை விழுங்கிவிடும், ‘இப்பப் பாரு’ என்று ஆரம்பிக்கும், அப்புறம் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. நேற்றுத்தான் பிடிபட்டது. நேற்றுப் பிடிபட்டதுதான் இன்றைய சிரிப்பு. பொறு, பொறு. கரும்பலகையில் மாக்னுஸ், மாக்னா, மாக்னும் என்று எழுதியிருந்தது. பெரிய, அவ்வளவுதான் அர்த்தம். ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லவேண்டும், சம்மனசு, மோட்சம் என்று மேலே பறக்கக்கூடாது, தினமும் கண்ணில் படுகிற சாமானாக இருக்கவேண்டும் என்று சாமி சொல்லியிருந்தார். ஜன்னலோரத்து பெலவேந்திரன் எழுந்து தோமுஸ் மாக்னா எஸ்த் என்றான், வீடு பெரியது. அவன் வீட்டை மெல்கி பார்த்திருக்கிறான், குனிந்து போய்க் குனிந்து வரவேண்டும். அடுத்தவன் கானிஸ் மாக்னுஸ் எஸ்த், நாய் பெரியது. அடுத்தவன் போர்க்குஸ், பன்றி, அதற்கு ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது, பின்கட்டில் சந்தியாகு வளர்க்கிற பன்றியை எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். சின்னச் சிரிப்பு. சிரியுங்கள், சிரித்து இடத்தைத் தீர்த்துவிடாதீர்கள், பெரியது வருகிறது.

இந்தச் சொல்லுக்குச் சொந்த வால் கிடையாது, பக்கத்தில் எந்தப் பெயர் நிற்கிறதோ அதற்குத் தகுந்தபடி வாலை மாற்றிக்கொள்ளும் என்று சாமி ஆரம்பத்தில் சொன்னது மெல்கிக்குப் பிடித்திருந்தது. லத்தீனில் அவனுக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதான். மற்றபடி பூசையே தமிழுக்கு வந்துவிட்டது, பீடத்தைத் திருப்பிப் போட்டாயிற்று, இனி யாரிடம் போய்ப் பன்றி பெரியது என்று சொல்வது. பங்கிராஸ் சாமிக்கு அதெல்லாம் கவலையில்லை. ஜன்னலோரம் தொடங்கினால் சுவரோரம் வரை வரிசையாகக் கேட்பார், காய்ச்சல்காரனை விடமாட்டார், திக்குகிற சவேரியையும் விடமாட்டார், அவன் ஒரு வாக்கியத்தைப் பெற்றெடுக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மெல்கியின் பெஞ்சில் முதலில் சவேரி, நடுவில் மெல்கி, சுவரோரம் இன்னாசி. இன்னாசி. அந்தப் பெயரை நினைத்ததுமே வயிற்றில் ஒரு குமிழி ஏறி வெடித்தது. திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்க்காமலே தெரிந்தது, இன்னாசி புத்தகத்தில் கண்ணை நட்டு வைத்திருக்கிறான், காலையிலிருந்தே அப்படித்தான், முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் ஓட்டவில்லை. பெஞ்சுக்கு அடியில் அவன் பாதம். செருப்பில் புது வார், தோல் வாசனை இங்கே வரை வருகிறது. நேற்று அறுந்து கிடந்த வார். காலைப் பலகாரத்துக்குப் பிறகு வெளிவாசல் செருப்புத் தைக்கிறவரிடம் போய்த் தைத்துக்கொண்டு வந்திருக்கிறான். ஊருக்குப் போகிறவன் தயாராகிவிட்டான். ஐயோ, அம்மா, இந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது. போகப்போகிறவன் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான், பாவம். நேற்று அதிபர் சாமி ஆயர் இல்லத்துக்குப் போயிருந்தார். இந்த வாரம் அவர் அறையைப் பெருக்குகிற முறை மெல்கியுடையது. அந்த அறை வாசலில் ஒரு பழுப்புத் திரை தொங்கும். அதிபர் சாமிக்குக் கண்ணில் நோவு, வெளிச்சம் ஆகாது, ஆகவே பையன்கள் திரைக்கு வெளியே நின்று சொல்லவேண்டும், உள்ளேயிருந்து குரல் வரும், திரையைத் தொடக்கூடாது. மோயீசனிடம் கடவுள் பேசியது புதருக்குள்ளிருந்து, நம்மிடம் திரைக்குள்ளிருந்து என்று மெல்கிதான் சொல்லிக் கொடுத்திருந்தான். மேசைக்கு அடியில் துடைப்பத்தோடு குனிந்திருந்தபோது வெளியே ஒரு செருப்பு தட்டியது, ஒரு கால் வெறுங்கால், பிறகு மெதுவாக ‘சாமி’ என்று ஒரு குரல். மெல்கி ஒன்றும் திட்டம் போடவில்லை, சத்தியமாகப் போடவில்லை. வாயைத் திறந்தான், குடம் பேசியது. ‘யாரது.’ இன்னாசி, சாமி, செருப்பு வார் அறுந்துபோச்சு, வெளியே போய்த் தைக்க உத்தரவு வேணும் என்று திரைக்கு வெளியே இருந்தது பேச்சு. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். போய் வா என்றிருந்தால் அது ஒரு சாதாரண வேடிக்கை, கிணற்றடிக்கு அது போதும். ஆனால் குரல் அவ்வளவு நன்றாக வந்துவிட்டது, வருஷக்கணக்காக இழுத்து இழுத்து அறுந்த வலை இன்றைக்கென்று நிறைந்து வருகிறது, அதைப் போய்க் கரையில் கொட்டாமல் திரும்பக் கடலிலா விடுவான் ஒருத்தன். ‘இப்பப் பாரு இன்னாசி. நானே உன்னைக் கூப்பிடணும்னுதான் இருந்தேன். ஆண்டவர் எல்லாரையும் நேசிக்கிறார். எல்லாரையும் அழைக்கிறதில்லை. புரியுதா.’

அந்த மூன்று வாக்கியம் போதும். குருமடத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். உனக்குத் தேவ அழைத்தல் இல்லை, பெட்டியைக் கட்டு. அனுப்பிவிடப்படுகிறவன் ஒவ்வொருத்தனும் அந்த மூன்றைக் கேட்டிருக்கிறான். அனுப்புவதற்கு இங்கே ஒரு முறை உண்டு, சத்தமே இல்லாத முறை. மற்றவர்கள் வகுப்பில் இருக்கும்போது சகோதரர் பாயைச் சுருட்டி, பெட்டியைப் பின்படி வழியாக இறக்கிவிடுவார். அடுப்படிப் பக்கம் குதிரைவண்டி நிற்கும். மற்றவர்கள் மத்தியானச் செபத்துக்குக் கோயிலுக்குப் போகும்போது அவன் மட்டும் பின்தங்குவான். திரும்பி வந்து சாப்பாட்டறையில் பார்த்தால் அவன் நாற்காலி இருக்காது, எல்லோரும் ஓரிடம் நகர்ந்து உட்கார்ந்திருப்பார்கள், நகர்ந்த இடம்கூடத் தெரியாது, குழம்பு வழக்கம்போல வரும். விடைபெறுவது கிடையாது. அவனும் யாரிடமும் சொல்லக்கூடாது, அதிபர் சாமியும் இரண்டாம்முறை சொல்லமாட்டார். போன வருஷம் லியோனுக்கு அப்படித்தான் நடந்தது. அன்றைக்கும் லத்தீன் வகுப்புதான், பங்கிராஸ் சாமி வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார், லியோனிடம் வந்ததும் ஆளே அங்கே இல்லாதது மாதிரி அடுத்தவனைக் கேட்டார். போகிற பையனிடம் பாடம் கேட்டு என்ன ஆகப்போகிறது, அல்லது கேட்க வாய் வரவில்லையோ என்னவோ. வகுப்பு முழுக்கப் புரிந்துகொண்டது, எல்லோரும் புத்தகத்தைப் பார்த்தார்கள், லியோனுக்கு மட்டும் புரியவில்லை, தப்பித்தோம் என்று சிரித்தான் மடையன். மணி அடித்ததும் சாமி சொன்னார், ‘நீ மட்டும் இரு.’ ‘மட்டும்’ என்பதில் பூனைக்குட்டி கத்தியது. அதையும் மெல்கி கிணற்றடியில் செய்து காட்டியிருக்கிறான், நீ மட்டும் இரு, நீ மட்டும் இரு, கேட்டவர்களுக்கெல்லாம் செய்து காட்டியிருக்கிறான், லியோனின் சிரிப்பையும் சேர்த்து. நேற்று அந்த மூன்றையும் சொல்லி முடித்தாயிற்று. மெல்கி துடைப்பத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான், அழுகை வரும், வந்தால் திரையை விலக்கிக்கொண்டு குதிக்கலாம், ஏலே மண்டு, நான்தாம்ல என்று. அழுகை வரவில்லை. ‘புரியுது சாமி’ என்றது. அழுதிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும், அழாதவனிடம் எப்படி முடிப்பது. நாளை லத்தீன் வகுப்பு முடிந்ததும் புறப்படு, பெட்டியைக் கட்டி வை, யாரிடமும் பேசாதே என்று குடம் தானாகச் சொல்லிக்கொண்டு போயிற்று. அப்புறம் இன்னாசி ஒன்று கேட்டான், அதை மட்டும் மெல்கி எதிர்பார்க்கவில்லை. ‘எங்க அம்மாட்ட நானே போய்ச் சொல்லணுமா சாமி, இல்ல நீங்க சொல்லிருவீங்களா?’ அதற்கு அதிபர் சாமி என்ன சொல்வார். எந்தத் திரைக்குப் பின்னாலும் யாரும் அப்படிக் கேட்டு மெல்கி கேட்டதில்லை. எல்லாம் எழுதிப் போட்டாச்சு என்றான். ஸ்தோத்திரம் சாமி என்று சொல்லிவிட்டு ஒற்றைச் செருப்பு தட்டிக்கொண்டு போயிற்று. சாயங்காலம் கிணற்றடியில் இன்னாசி தன் துணி எல்லாவற்றையும் துவைத்துக் காயப்போட்டான். போர்வையைக்கூட. மெல்கி பக்கத்துக் கல்லில் நின்று சந்தியாகு மாதிரி அரிசியைத் திட்டிக் காட்டினான், எல்லோரும் சிரித்தார்கள், இன்னாசியும் சிரித்தான், கடைசியாகச் சிரித்துவிட்டுப் போகிறவன் மாதிரி அக்கறையாகச் சிரித்தான்.

எக்லேசியா மாக்னா எஸ்த் என்றான் ஒருவன், கோயில் பெரியது. மேன்சா, மேசை. பல்லி ஒன்று கரும்பலகைக்குப் பின்னால் போயிற்று. அடுப்படியிலிருந்து கருவாடு வறுக்கிற வாசனை வந்தது, நெத்திலி இல்லை, வாளை, நன்றாகக் காயாத வாளை, ஊரில் இதை நாய்க்குப் போடுவார்கள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பின்படி. மேல்தட்டிலிருந்து ஏதோ கனமான ஒன்றை ஒவ்வொரு படியாக இறக்குகிறார்கள், டங், இழுப்பு, டங். மெல்கியின் காது பூனைக்காது மாதிரி நிமிர்ந்தது. பெட்டி. பெட்டியை இறக்குகிறார்கள். இந்தக் கிறுக்கன் பெட்டியைக் கட்டினதோடு நிற்காமல் சகோதரரிடம் போய் இறக்கச் சொல்லியிருக்கிறான் போலிருக்கிறதே. சிரிப்பு தொண்டைவரை வந்து அங்கேயே நின்றது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வகுப்பில் ஒரு தலைகூட நிமிரவில்லை, எல்லோருக்கும் கேட்டிருக்கும், எல்லோருக்கும் தெரிந்த சத்தம், தெரிந்ததால்தான் நிமிரவில்லை. இதுவரைக்கும் போகவேண்டாம் என்றுதான் கணக்கு. மணி அடித்து, இன்னாசி பெட்டியோடு அடுப்படி வாசலில் நிற்கும்போது, தூணுக்குப் பின்னால் இருந்து குடம் பேசவேண்டும், ‘இப்பப் பாரு இன்னாசி, பெட்டியைத் தூக்கிட்டு மேல போ, மடையா’ என்று. சிரிப்பு அங்கேதான் வைத்திருந்தது. பெட்டி தானாக இறங்கிப்போனால்? அதிபர் சாமி பார்த்து இது யார் பெட்டி என்பார், இன்னாசி நீங்கதானே சாமி சொன்னீங்க என்பான், நான் சொல்லலையே என்பார், பிறகு ஒரு நிமிஷம் யோசிப்பார், ஒரு நிமிஷம் எதற்கு, குருமடத்தில் குடத்துக்குள் இருந்து பேசத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். கையை இன்னும் இறுக்கினான், உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. இல்லை, தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் காலையிலேயே தெரிந்திருக்கும். பூசை முடிந்து மெழுகுவர்த்தி அணைக்கிறபோது பூசை உடுப்பு மாற்றுகிற சக்கிறீஸ்து அறை வாசலில் இன்னாசியும் அதிபர் சாமியும் நின்றதை மெல்கி பார்த்தான். சொல்லிவிடப் போகிறான் என்று பயந்தான். ஆனால் இன்னாசி பேசவில்லை, குனிந்துதான் நின்றான், அதிபர் சாமி அவன் தலையில் கையை வைத்து வெகுநேரம் எடுக்கவில்லை. ஆசீர்வாதம் வாங்கிக்கொள்கிறான், வாயைத் திறக்கக்கூடாது என்பதுதானே முறை, பாவம் அந்த மனிதர் எதற்கென்று தெரியாமலே ஆசீர்வதிக்கிறார் என்று மெல்கி அப்போது உள்ளுக்குள் துள்ளியிருந்தான். பலகாரத்தின்போது அதிபர் சாமி வரிசை வரிசையாக வந்து மெல்கியின் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். ‘ஊர்ல இப்ப என்ன மீன் படுது மெல்கி?’ சாளை, சாமி, சாளை, என்று அப்பாவின் ஏலக் குரலில் சொன்னான், நாலு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார். தெரிந்தவர் தோளைத் தட்டுவாரா. தெரிந்தவர் மீனைப் பற்றிக் கேட்பாரா. டங், இழுப்பு. பாதிப் படிக்கு வந்துவிட்டது.

அப்பா கரையில் ஏலம் போடுகிறவர். வள்ளம் கரை தட்டினதும் மணலில் கொட்டிய மீனுக்கு முன்னால் நின்று அவர் கூவுகிற கூவலில்தான் மெல்கி குரல் என்பதையே கற்றுக்கொண்டான், நாலு வயதில் அதைத் திருப்பிக் கூவினபோது வியாபாரி ஒருத்தர் அவனிடம் விலை கேட்டாராம். அம்மாவுக்குச் சிரிப்பு வராத கதை அது. அம்மா அவனை நேந்து விட்டிருந்தாள், பிறந்து மூன்றாம் நாள் மூச்சு நின்ற பிள்ளை, பிழைத்தால் கோயிலுக்கு என்று மாதாவின் காலில் கிடத்தி நேந்தது, கிடாவை நேந்து விடுகிற மாதிரி. கிடாவை யாரும் கேட்பதில்லை. அவனைக் கேட்டார்கள், ஆயர் கேட்டார், ஏன் குருவாக விரும்புகிறாய் மகனே என்று. அதற்கு அவன் ஊர்க் கோயில் பங்குச்சாமியின் குரலில் பங்குச்சாமியின் பதிலைச் சொன்னான், ஆன்மாக்களை மீட்க என்று. ஆயர் எச்சில் விழுங்கிவிட்டுத் தலையாட்டினார். இன்னாசியிடம் கேட்டபோது அவன் வேறொன்று சொன்னானாம். ஆடு மேய்க்கும்போது ஒருநாள் உச்சிவேளையில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம், சுற்றிலும் பொட்டல், ஆள் இல்லை. அதைக் கேட்டதிலிருந்து மெல்கிக்குத் தூக்கம் போயிற்று. எப்படி இருந்துச்சு, கனமாவா, மெல்லிசாவா, ஆம்பளைக் குரலா, எங்கே இழுத்துச்சு என்று குடைந்து குடைந்து கேட்டான். இன்னாசி யோசித்துப் பார்த்துவிட்டு, குரல் மாதிரி இல்லடா, கூப்பிட்ட மாதிரி மட்டும் இருந்துச்சு என்றான். அதைச் செய்துகாட்ட முடியாது. உலகத்தில் மெல்கியால் செய்துகாட்ட முடியாத ஒரே குரல் அது, அது இந்த ஆட்டுக்காரனின் காதில் விழுந்திருக்கிறது, செருப்பு வாரைக்கூட ஒழுங்காகக் கட்டத் தெரியாதவன் காதில். மெல்கியை யாரும் கூப்பிட்டதில்லை. திரைக்கு வெளியே நின்றது சவேரியாக இருந்திருந்தால் போய் வா என்றுதான் சொல்லியிருப்பானோ என்ற நினைப்பு வந்தது, அதை உடனே தள்ளினான், அது திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது, கன்னத்தில் உட்கார்ந்த ஈ மாதிரி. விளையாட்டு, வெறும் விளையாட்டு. இன்னாசி நல்லவன். கடலைப் பார்த்ததே இல்லை அவன். கடல் எவ்வளவுடா பெருசு, நம்ம கண்மாய் மாதிரி நாலு இருக்குமா என்று கேட்கிறவன். மே மாச விடுமுறையில் ஊருக்குக் கூட்டிப்போவதாக மெல்கி சொல்லியிருக்கிறான். அம்மா அவனுக்குச் சாளைப் புட்டு அவித்துப் போடுவாள். அம்மாவை இப்போது ஊரில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை, சாமியாரம்மா என்கிறார்கள், கோயிலில் முன்வரிசையில் இடம் விடுகிறார்கள், குழந்தைகளைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அவன் புறப்பட்டபோது தெருவே திரண்டு வெடி போட்டது, கழுத்தில் மாலை, பெட்டிக்குக்கூட மாலை. அப்பா வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய நீலச் சாயத்தை அந்தத் தகரப்பெட்டிக்கு அடித்திருந்தார், சாயம் காயாமல் மாலைப் பூ அதில் ஒட்டிக்கொண்டது, இன்னும் ஒரு இதழ் ஒட்டியிருக்கிறது. அதே தெருவில்தான் செலஸ்தீன் இருக்கிறான், பாதிச்சாமி. பெரிய குருமடத்திலிருந்து அனுப்பப்பட்டவன். திரும்பி வந்த அன்றைக்கு அவன் பின்னால் சின்னப் பையன் ஒருத்தன் பூசை வைக்கிற குரலில் பாடிக்கொண்டே போனான், தெரு சிரித்தது, பாதிச்சாமி என்று ஒரு குரல் கூவியது, பெயர் நின்றுவிட்டது. தலை நரைக்கத் தொடங்கியும் பாதிச்சாமிதான், பெண் கொடுக்க ஆளில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்து வலை முடிகிறான். அந்தச் சின்னப் பையனுக்கு அப்போது முன்பல் விழுந்திருந்தது. அந்தப் பல் சந்தில் காற்று போகாமல் எப்படிப் பாடினோம் என்று மெல்கிக்கு இப்போதும் பெருமையாக இருந்திருக்கும், இந்தப் பெட்டிச் சத்தம் மட்டும் இல்லாவிட்டால்.

சவேரி எழுந்துவிட்டான். அடுத்தது மெல்கி. பெட்டி கீழே போய்ச் சேருவதற்குள் செய்யவேண்டும். என்ன செய்வது என்பது அந்தக் கணத்தில் பளிச்சென்று வந்தது, வந்ததும் உடம்பு முழுக்கக் காற்றாடியது. யோகுஸ். போன மாதச் சொற்களில் இருந்தது, யோகுஸ், வேடிக்கை. யோகுஸ் மாக்னுஸ் எஸ்த். வேடிக்கை பெரியது. அதை அதிபர் சாமியின் குரலில் சொல்லவேண்டும், குடத்தைத் திறந்துவிட வேண்டும். வகுப்பு ஒரு நொடி திகைக்கும், இன்னாசி நிமிர்வான், நேற்றுக் கேட்ட குரல் பக்கத்திலிருந்தே வருகிறது, அவன் வாய் திறந்தபடி நிற்கும், பிறகு வெடிக்கும் பாருங்கள் சிரிப்பு, கூரை ஓடு எழும்பும். பங்கிராஸ் சாமி முட்டிபோடச் சொல்வார், போடலாம், ஒரு வாரம் சாப்பாட்டறையில் முட்டிபோடலாம். சகோதரரைக் கூப்பிட்டுப் பெட்டியை மேலே ஏற்றச் சொல்லலாம். இன்னாசி கோபித்துக்கொள்வான், பிறகு சிரிப்பான், அவனுக்கு அதுதான் தெரியும். மே மாசம் கடல். எல்லாம் சரியாகிவிடும், ஒரே ஒரு வாக்கியம், சின்ன வாக்கியம், தினமும் கண்ணில் படுகிற சாமானை வைத்து. ஆனால் சவேரி முடிக்கவேண்டுமே. பெ, என்றான் சவேரி. பெ, பெ. அவன் கழுத்து நரம்பு புடைத்தது, கண் கூரைக்குப் போயிற்று. ஏலே முடி, முடி, மெல்கி பல்லைக் கடித்தான். இந்தத் திக்கலை எத்தனை முறை செய்து சிரிக்க வைத்திருக்கிறான், ஒருமுறைகூட அது இவ்வளவு நீளமாக இருந்ததில்லை, இதற்குள் இவ்வளவு தூரம் தனியாக நடக்கவேண்டும் என்று தெரிந்ததில்லை. டங். இழுப்பு. பங்கிராஸ் சாமி கையைக் கட்டிக்கொண்டு காத்து நின்றார், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. பெத்ரா, என்றான் சவேரி, பெத்ரா மாக்னா எஸ்த். கல் பெரியது. ஓப்திமே, மிக நன்று, என்றார் சாமி. மெல்கி பாதி எழுந்தாயிற்று, குடத்தின் வாய் திறந்தாயிற்று, நாக்கு ‘யோ’வுக்கு வளைந்தாயிற்று.

‘இன்னாசி’ என்றார் சாமி.

மெல்கி உட்கார்ந்தான். முதலில் வந்தது ஒரு சின்ன நிம்மதிதான், தப்பித்தோம் என்று முகம் ஒருபக்கமாக இளித்தது. மறந்துவிட்டார், வயதாகிவிட்டது. திரும்ப வருவார். இன்னாசி எழுந்து நின்றான், புது வார் போட்ட செருப்பு தரையில் உரசியது, எழுந்தவன் காலையிலிருந்து முதல் தடவையாக மெல்கியைப் பார்த்தான். அழுது வீங்கின கண், ஆனால் கோபம் ஒன்றும் இல்லை, அதுதான் பிடிபடவில்லை. ‘மாரே மாக்னும் எஸ்த்’ என்றான். கடல் பெரியது. தினமும் பார்க்கிற சாமானைத்தானே சொல்லச் சொன்னேன், நீ கடலைப் பார்த்திருக்கியா என்று சாமி கேட்டார், கண்டிப்பாக இல்லை, மெதுவாகத்தான். ‘இல்ல சாமி. மெல்கி சொல்லியிருக்கான்.’ யாராவது சிரிப்பார்கள் என்று மெல்கி காத்திருந்தான். யாரும் சிரிக்கவில்லை. மெல்கியின் பெயர் சொல்லப்பட்டும் ஒரு தலை திரும்பவில்லை, எல்லாத் தலையும் புத்தகத்தில் கவிழ்ந்திருந்தது. இந்தத் தலைகளை அவன் பார்த்திருக்கிறான். போன வருஷம் அவன் தலையும் இப்படித்தான் கவிழ்ந்திருந்தது. போகிற பையனிடம் பாடம் கேட்பதில்லை. இன்னாசியிடம் கேட்டார். செருப்புத் தைக்க இன்னாசிக்கு உத்தரவு கொடுத்திருக்கிறார்கள், ஊருக்குப் போகிறவன் வெளியே போய் வர யார் உத்தரவு கொடுப்பார்கள். சவேரியிடம் கேட்டார், இன்னாசியிடம் கேட்டார். காலையில் அதிபர் சாமி இன்னாசியின் தலையில் கை வைத்தார், மெல்கியின் தோளைத் தட்டினார். என்ன மீன் படுது. பின்படியில் கடைசி டங் விழுந்தது, கூடவே கைப்பிடி வளையம் கழன்று ஆடுகிற கிணிங்கிணிங், தகரத்தின் மேல் தகரம். இன்னாசியின் பெட்டி மரப்பெட்டி. தாய்மாமன் செய்து கொடுத்த மரப்பெட்டி, எந்தப் படியில் போட்டாலும் அது தொம்மென்றுதான் விழும், கிணிங்கென்று ஒருநாளும் கத்தாது. ஆயிரம் குரலைப் பிரித்தெடுக்கிற காது இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தது. அடுப்படிப் பக்கம் குதிரை ஒன்று தும்மியது. மத்தியானச் செபத்துக்கு மணி அடித்தது, எல்லோரும் எழுந்தார்கள், சிலுவை போட்டார்கள், பெஞ்சு பெஞ்சாக வெளியே போகத் தொடங்கினார்கள், இன்னாசி அவனைத் தாண்டிப் போகும்போது தோல் வாசனை தாண்டிப் போயிற்று. சிரிக்கவேண்டும் என்று மெல்கிக்குத் தோன்றியது, யாருடைய சிரிப்பையாவது எடுத்துச் சிரித்துவிட்டால்கூடப் போதும், லியோனுடைய சிரிப்பு ஒன்றுதான் கைக்கு அகப்பட்டது. பங்கிராஸ் சாமி கரும்பலகையில் மாக்னுஸைத் துடைத்துவிட்டு, கையிலிருந்த சுண்ணத்தூளைத் தட்டிக்கொண்டே, அவனைப் பார்க்காமல், மூச்சை இழுத்தார். அடுத்து வரப்போகிற மூன்று சொற்களும், இரண்டாவதன் நடுவில் பூனைக்குட்டி கத்தப்போகிற இடமும், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே மெல்கிக்குக் கேட்டுவிட்டன.